முதல் அனுதாபம்

தலையணை விலகியது.

ஊரின் பெரிய மீன்பிடி முதலாளி சிங்கராசா சம்மாட்டியின் வாய் திறந்தபடி கிடந்தது. மூச்சு... இல்லை!

"கோவிக்காதேங்கோ சம்மாட்டி. தொண்ணூறு வரைக்கும் இருப்பன் எண்டு நீங்கள் அடம்பிடிச்சா, நாங்கள் என்ன செய்யிறது?"

பிணத்தோடு நியாயம் பேசினான் எமில். எவ்வளவு நெஞ்சழுத்தம், பாருங்கள்!

தென்கரைப் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் அதிகாரி அவன். முந்நூறு இடத்துக்கு வந்து சேர்ந்தது நாற்பத்தொரு பிள்ளைகள். மாத முடிவுக்குள் பெரிய நன்கொடை வராவிட்டால் இழுத்துப் பூட்டிவிடுவார்கள். எமில் தெருவில்!

வடகரைப் பல்கலைக்கழகமும் அரசாங்கத்துடையதுதான். ஆனால் அங்கே இடம் கிடைக்க அடிபிடி. காரணம், புலமைப்பரிசில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ஊரில் செத்துப்போன தாய் தகப்பன் பேரில் அள்ளிக் கொடுத்தார்கள். வாங்கியவள் அங்கே நிதி திரட்டும் றொசானா.

எப்படி?

மரண அறிவித்தலின் அடியில் பிள்ளைகளின் தொலைபேசி எண் இருக்குமே... அதைப் பார்த்து முதல் ஆளாக அழைக்கிறாள். எமில் அப்படித்தான் முடிவு கட்டினான்.

இந்தமுறை நான் முந்துவேன்!

சம்மாட்டியின் மகன் பெனடிக்றின் கனடா எண், போன வருடம் தாய் செத்த அறிவித்தலிலேயே கிடைத்துவிட்டது.

காரில் காத்திருந்தான். பிற்பகல் மூன்று மணி.

டாங்... டாங்...

விடத்தல்தீவுக் கத்தோலிக்கக் கோவிலில் துக்கமணி! பிணத்தைக் கண்டுவிட்டார்கள்!

உடனே அழைத்தான்.

"தம்பி, ஆழ்ந்த அனுதாபம். அப்பா சாப்பிட்டிட்டுப் படுத்தவர், எழும்பேல்ல. நல்ல சாவு..."

"என்ன?! அப்பாவுக்கோ? ஆர் நீங்கள்?"

"தென்கரை எமில். அப்பான்ர பேரில ஒரு புலமைப்பரிசில்..."

வைத்துவிட்டான் பெனடிக்ற்.

துக்கம். பிறகு பேசலாம். காலையிலேயே வாங்கி வைத்திருந்த மலர்வளையத்தோடு, அரை மணி கழித்துச் செத்தவீட்டுக்குப் போனான்.

பந்தல் இல்லை. சனம் இல்லை. பொலிஸ் ஜீப் மட்டும்!

வாசலில் இன்ஸ்பெக்டர் ஜுனைட். பக்கத்தில் அழுதபடி றொசானா.

"பெனடிக்ற் பதறிப்போய் எனக்குத்தான் எடுத்தவர். வந்து பாத்தா... ஐயோ, சம்மாட்டி!"

எமில் கோவில் பக்கம் கையைக் காட்டினான்.

"அப்ப... மணி அடிச்சது?"

"அது அடுத்த தெருவில செத்த மாக்கிறட்டுக்கு," என்றார் ஜுனைட். "சம்மாட்டி செத்தது ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்? மலர்வளையமும் ரெடி!"

எமில் றொசானாவின் பக்கம் பாய்ந்தான்.

"நீயும் சாவைப் பாத்துத்தானேடி காசு பிடிக்கிறனி!"

"இல்ல சேர். ஆக்கள் உயிரோட இருக்கேக்க வீட்டுக்குப் போறனான். ஒவ்வொரு வெள்ளியும் சம்மாட்டியோட இருந்து காட்ஸ் விளையாடுவன். நான் கேக்கிறேல்ல, அவையளே தருவினம்."

கண்ணைத் துடைத்தாள்.

"போன வெள்ளி சொன்னவர்... 'உங்களுக்குக் கனக்க இருக்குப் பிள்ளை, தென்கரைதான் பாவம், மனிசியின்ர பேரில அங்க ஒரு கட்டடம் கட்டிக் குடுப்பம்' எண்டு. வாற திங்கள் கையெழுத்து வைக்க இருந்தவர்!"

மலர்வளையம் கைநழுவி விழுந்தது.

திங்கள்! இன்னும் மூன்றே நாள்! பாவி, நான் சும்மா என் வீட்டில் படுத்துக் கிடந்திருந்தாலே போதுமே!

ஜுனைட் ஜீப் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ சேர். எங்கட இடத்தில சேரப் பரீட்சை வெட்டுப்புள்ளி இல்ல. விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம்!"