பிரிக்காத மாத்திரை

"மாமா! மாமா! என்னாச்சு?"

கடைக்கார மாப்பிள்ளை போட்ட கூச்சலில் மருந்துக்கடையே திரும்பிப் பார்த்தது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம், மாமனார் தொண்டையைப் பிடித்தபடி தரையில் சரிந்திருந்தார். வலது கண்ணில் ஆபரேஷன் கட்டு. வாயோரம் ரத்தம்!

"இப்பதான்யா மாத்திரை போட்டாரு!" என்றார் இருமல் மருந்து வாங்க வந்தவர். "கடைக்காரர் அட்டையிலேருந்து ஒண்ணு வெட்டிக் குடுத்தாரு... இவரு அப்படியே வாயில போட்டுத் தண்ணியக் குடிச்சிட்டாரு!"

"அப்படியேன்னா? பிரிக்காமலா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அட்டையோட!"

கண் சரியாகத் தெரியாத கிழவர். பிரிக்க மறந்துவிட்டார். பார்த்த எட்டு பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. குழாய் விட்டுப் பார்த்துதான் எடுத்தோம். உணவுக்குழாயை ரெண்டு இடத்துல கிழிச்சிருக்கு. மூணு மாசத்துக்கு வாய் வழியா சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது. வயித்துல ஓட்டை போட்டு, குழாய்லதான் சாப்பாடு."

"பொழைப்பாரா டாக்டர்?"

மாப்பிள்ளையின் குரலில் கவலையைவிட ஆவல் அதிகமாக இருந்தது.

"சீழ் வைக்காம இருந்தா பொழைப்பார். உங்க மனைவிக்கு வெச்சுதே... அந்த மாதிரி ஆகாம இருந்தா."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

போன வருஷம் அவன் மனைவியும் இப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் மாத்திரையை அட்டையோடு விழுங்கினாள். குடலில் குத்திக் கிழித்து, துடிதுடித்துச் செத்தாள். விபத்து என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

"வணக்கம்!"

இன்ஸ்பெக்டர்! டாக்டரம்மா போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"ஒரே குடும்பம். ஒரு வருஷ இடைவெளி. ரெண்டு பேர் அட்டையோட முழுங்கியிருக்காங்க. ஏன் சார், உங்க வீட்ல யாருக்குமே மாத்திரை போடத் தெரியாதா?"

"எல்லாம் விதி சார்..."

"விதி கையில கத்தரிக்கோல் இருந்துச்சோ?"

டாக்டரம்மா ஒரு ஸ்டீல் கிண்ணத்தை நீட்டினார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே ஒரு முக்கோணம்! நடுவில் மாத்திரை. மூன்று பக்கமும் ஊசி போல முனை. முனையில் ரத்தம்!

"இ... இது நான் குடுத்தது இல்ல!"

"எட்டு பேர் பார்த்திருக்காங்க."

"நான் சதுரமாத்தான் சார் வெட்டினேன்! சத்தியமா சதுரம்!"

"உங்க கடை அட்டை. உங்க மாமனார் தொண்டை. வேற யாருய்யா வெட்டினா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" மாப்பிள்ளை அலறினான். "நான் முக்கோணமா வெட்டினது அவளுக்கு மட்டும்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான். லேட்!

"கேட்டீங்களா டாக்டர்?"

"நல்லாக் கேட்டேன். அந்தப் பொண்ணு வயித்துல இருந்ததும் முக்கோணம்தான். இவர்கிட்ட நான் காட்டவே இல்ல. வெளியில உட்கார்ந்து அழுதுட்டிருந்தார். அவங்க அப்பாகிட்ட மட்டும்தான் காட்டினேன்."

இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏன்டா?"

"காலாவதியான மாத்திரைக்குப் புதுத் தேதி ஒட்டி வித்தேன்... பார்த்துட்டா. வெளிய சொல்லிடுவேன்னு மிரட்டினா..."

"வயித்து வலின்னு கதறியிருப்பாளே... என்ன குடுத்தே?"

"கேஸ் சிரப்..."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா சார்."

பளாரென்று ஓர் அறை. அடித்தது இன்ஸ்பெக்டர் இல்லை, டாக்டரம்மா!

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றிவிட்டு, இன்ஸ்பெக்டர் கிழவரின் கட்டிலுக்கு வந்தார். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். நர்ஸ் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்து உதறினார்.

பையிலிருந்து ஏதோ விழுந்தது.

சதுரமாக வெட்டிய ஒரு மாத்திரை. பிரிக்காமல் அப்படியே இருந்தது!

இன்ஸ்பெக்டர் அதையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

பேச முடியாத கிழவர், நர்ஸ் கொடுத்த சிலேட்டில் எழுதினார்.

'டெய்லர் கடை. நாற்பது வருஷம் கட்டிங் மாஸ்டர். கண்ணை மூடிக்கிட்டே வெட்டுவேன்.'

"அப்போ... அந்த முக்கோணத்தை வெட்டினது நீங்க! அவன் குடுத்ததைப் பையில போட்டுட்டு, தெரிஞ்சே இதை முழுங்கியிருக்கீங்க!"

கிழவர் தலையசைத்தார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'என் பொண்ணைக் கொன்னுட்டான்னு மூணு தடவை மனு கொடுத்தேன். விபத்துன்னு சொல்லி உங்க ஸ்டேஷன்ல துரத்திட்டாங்க.'

இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. சதுர மாத்திரையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அதுக்காக இப்படியா மாஸ்டர்? நீங்க செத்துப் போயிருந்தா?"

கிழவர் சிலேட்டைத் துடைத்து, நிதானமாக எழுதிக் காட்டினார்.

'கொலைக் கேஸ் ரெண்டாயிருக்கும். நான் பொழைச்சதால உங்களுக்கு ஒரு ஃபைல் மிச்சம்... ஒரு தேங்க்ஸ் சொல்லக் கூடாதா?'