பதினாலாவது நகர்த்தலில் குதிரை

கர்ணன் செத்துக் கிடந்த வீட்டுக்குப் போலீஸ் கூப்பிட்டதும் சசிதரனுக்கு வந்தது எரிச்சல்தான்.

நாளைக்கு செஸ் ஃபைனல்... இன்றைக்குப் போய் இப்படியா!

தேனி மார்க்கெட்டில் கர்ணனின் வாழைக்காய் மண்டி. மேலே வீடு. மேஜையடியில் மண்டை உடைந்து கிடந்தான். மேஜையில் செஸ் போர்டு, காய்கள் கலையாமல்.

"நாளைக்கு இவுககூட ஆட இருந்தது நீங்கதானே?" இன்ஸ்பெக்டர் முனீஸ்வரி கேட்டாள். "எனக்கு செஸ் தெரியாது சார். என்ன பண்ணிட்டிருந்தாகன்னு பாத்துச் சொல்லுங்க."

தெரியாதாம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதே!

"போன மாசம் மதுரையில என்னை ஜெயிச்ச ஆட்டம். நான் ஆடுனது சிசிலியன் ஓப்பனிங். நாளைக்கும் அதையேதான் ஆடுவேன்னு உக்காந்து படிச்சிருக்கான்."

"நல்லா ஆடுவாகளோ?"

"இவனா? குருட்டு அதிர்ஷ்டம் மேடம். வாழைத்தார் தூக்குறவனுக்கு செஸ் எதுக்கு?"

முனீஸ்வரி ஒரு தாளை எடுத்தாள். மதுரையில் ஆட ஆடக் கர்ணன் எழுதி வைத்த நகர்த்தல்கள்.

"எங்க ஏட்டு சுருளிராஜன் ஆடுவாரு. பதிமூணு வரைக்கும் தாளும் போர்டும் ஒண்ணாம். பதினாலுல தாள்ல ராணி நகருது. போர்டுல குதிரை நடுவுல நிக்குது."

"குதிரைதான் சரி. நாலே மூவ்ல முடிஞ்சிருக்கும். ஜெயிச்ச ஆட்டத்தக்கூட ஒழுங்கா ஜெயிக்கத் தெரியாத பய."

"இன்னைக்கு யோசிச்சுக் கண்டுபிடிச்சிருப்பாக..."

சசிதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது. இந்த ஜில்லாவுலயே அந்தக் குதிரைய அங்கன வைக்க என்னைத் தவிர..."

நிறுத்தினான்.

முனீஸ்வரி கர்ணனின் போனை நீட்டினாள். போர்டின் போட்டோ. நகர்ந்திருந்தது ராணி.

"இவன இப்படித்தான் மடக்குனேன்னு அஞ்சே காலுக்கு சம்சாரம் ராஜாத்திக்கு அனுப்பியிருக்காக. அஞ்சரைக்கு அவுக வந்து பாத்தா பொணம். நடுவுல வந்தது யாரு சார்? அடிச்சதும் இல்லாம, தப்பையும் திருத்தி வச்சுட்டுப் போனது?"

சசிதரனின் கண் போர்டிலிருந்த குதிரைக்குப் போனது.

"வாழைக்காய்க்காரன்கிட்ட ரெண்டாவது தடவையும் தோத்தா ஊரு சிரிக்கும் மேடம். அந்த ராணியப் பாத்துட்டுச் சும்மா போக மனசு வரல..."

கையில் விலங்கு ஏறியது. அப்போதும் திரும்பிப் போர்டைப் பார்த்தான்.

"நான் வச்சது கரெக்ட்டுதானே?"

"நூத்துக்கு நூறு கரெக்ட்டுன்னு ஏட்டு சொல்றாரு சார். தப்பாவே விட்டுட்டுப் போயிருந்தீகன்னா, இந்நேரம் வீட்டுல காபி குடிச்சிட்டிருப்பீக."