முனை மடிந்த கம்பி

காலை 10.10. நொறுங்கிய மூக்கோடு நின்ற பழைய இரட்டை எஞ்சின் விமானத்தின் அடியில், கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. கடைசிப் பயணத்தில் விமானி பேசியது பதிவான ஒலிநாடாவைக் காணோம். பயணிகள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டு அவர் மட்டும் செத்துப்போன பயணம். பதினொரு மணிக்குப் பார்வையாளர்கள் முன்னால் முதன்முறையாக ஒலிக்க வேண்டியது.

விமான அருங்காட்சியகத்தின் காப்பாளர் கையைப் பிசைந்தார். விடுப்பிலிருந்த இன்ஸ்பெக்டரை அவரிடம் மாட்டிவிட்டது மச்சான், மனைவியின் தம்பி. அக்கா இறந்ததிலிருந்து நாலு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தவரை விமானம் பார்க்க இழுத்து வந்ததும் அவனே.

"நீங்க லீவு போட்டாலும் திருடன் போடமாட்டான் போல, மாமா," என்றான்.

இன்ஸ்பெக்டர் பெட்டியருகே குனிந்தார்.

எட்டு மணி முதல் கூடத்தில் இருந்தவர்கள் இருவர். காவலாளி, விமானங்களை விளக்கிச் சொல்லும் ஓய்வுபெற்ற மெக்கானிக். ஸ்க்ரூடிரைவர் காவலாளி அறையில் இருந்ததால் காப்பாளர் அவர்மேல் பாய்ந்தார். திருடியவன் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டிவிட்டா போவான் என்று கேட்டார் காவலாளி.

நியாயமான கேள்வி. பெட்டியின் நாலு ஸ்க்ரூவும் இறுகியிருந்தன. விமானத்திலிருந்தே எடுத்த, தலையில் துளையுள்ளவை. துளைகளில் மெல்லிய கம்பி கோத்து, சீராக முறுக்கி, முனை உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. நேற்றைய புகைப்படத்தில் அந்தக் கம்பி இல்லை.

இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறி எஞ்சினைப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டிலும் அதே முறுக்கு.

10.40. எல்லோர் முன்னாலும் மெக்கானிக்கிடம் சொன்னார்.

"எடுத்தது நீங்கதான். அதிர்வுல கழலாம இருக்க போல்ட்டுக்குக் கம்பி கட்டுவீங்க. கட்டாம நகர்ந்து பழக்கமில்ல. திருடும்போதும் கை கேக்கல."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தார்.

"ஓட்டினது என் வீட்டுக்காரி, சார்."

மூன்று வருடமாக அங்கே வேலை பார்த்தும் அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுல என்ன பேசியிருக்காங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியாது. இருபத்திரண்டு வருஷமாச்சு. அவ பேசினதுல நான் கேக்காதது இது ஒண்ணுதான் பாக்கி. கேட்டுட்டா, அப்புறம் ஒண்ணும் இல்ல."

11.00. ஒலிபெருக்கியின் இணைப்பைக் காப்பாளரே பிடுங்கினார். நாடா மெக்கானிக்கின் கையிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் மச்சானைத் தேடினார். அவன் இறக்கையின் அந்தப் பக்கம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அக்காவுக்காக அவன் அழுது அவர் அன்றுதான் பார்த்தார்.

பக்கத்தில் போய் நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை.