காஸியஸின் வாய்

"குகைக்குள்ள யாரு முதல்ல..." என்று ஸெலின் கேட்டு முடிப்பதற்குள் கஸ்பார் உள்ளே குதித்துவிட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். தூத்துக்குடிக் கல்லூரியின் வினாடி வினா அணியில் பஸ்ஸரைத் தட்டுகிற கை அவனுடையது. கேள்வி பாதியில் இருக்கும்போதே தட்டிவிடுவான். பாதிக் கோப்பைகள் அப்படி வந்தன, மீதி அப்படியே போயின. விடைகளைத் தலையில் சுமப்பவள் ஸெலின். மூன்றாவது ஆள் அவள் தம்பி ரோச்.

ரோம சரித்திரம் என்றால் பைத்தியமாக அலைந்த மொத்தா என்ற முத்து வியாபாரி, இந்தத் தீவுக் குகையில்தான் ரோமத் தங்கக் காசுகளைப் பூட்டிவைத்தார் என்று ஊரே சொல்லும். தேடிப் போனவன் ஒருவன் கையில்லாமல் திரும்பினான் என்றும் சொல்லும். மூவரும் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

குகையின் முடிவில் பூட்டிய கல் கதவு! அதன் பக்கத்தில் ஐந்து கல் தலைகள்: சீசர், ஆண்டனி, சிசரோ, புரூட்டஸ், காஸியஸ். பிளந்த வாய்க்குள் ஆளுக்கொரு இரும்புக் கைப்பிடி. எதிர்ச் சுவரில் மங்கிய எழுத்தில் கேள்வி. விடைக்குரிய தலையின் கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும் என்பது பார்த்ததுமே புரிந்தது. தலைகளுக்குக் கீழே தரையில் ஒரு குழி, அதன்மேல் கம்பிக் கதவு.

"உள்ள என்ன கெடக்குன்னு பாருலே ரோச்," என்று கஸ்பார் கதவைத் தூக்கினான். ரோச் குனிந்தான். முதுகில் ஓர் உதை! கம்பிக் கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது.

"கஸ்பார்! என்னல பண்ணுத?"

"மூணு பங்கு எதுக்குட்டி?" கஸ்பார் கத்தியை உருவிக்கொண்டு கம்பிமேல் ஏறி நின்றான். "கடல் ஏறுது. குழிக்குள்ள தண்ணி வரத் தொடங்கிட்டு. போய்க் கேள்வியப் படி. பொய் விடை சொன்னா ஒந்தம்பி முங்கிச் சாவான்."

கீழே ரோச் இருமினான். ஸெலின் டார்ச்சை அடித்துச் சுவரைப் பார்த்தாள். கேள்வி இரண்டு வரி. இரண்டாவது வரியைப் படித்ததும் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. வேறொன்றும் தோன்றியது. உரக்கப் படித்தாள்.

"'சீசர் நண்பனென்று நம்பியிருந்தும், அவரைக் கத்தியால் குத்திய செனட்டர்...'"

மூச்சு வாங்குவதுபோல நிறுத்தினாள்.

"புரூட்டஸ்!" கஸ்பாரின் கை அந்தத் தலையின் வாய்க்குள் பாய்ந்தது. கல் வாய் படக்கென்று மூடிக்கொண்டது. அவன் போட்ட அலறலில் வௌவால்கள் கலைந்து பறந்தன. கத்தி தெறித்து விழுந்தது.

ஸெலின் ஓடிப்போய் அவனைக் கம்பியிலிருந்து தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து ரோச்சை இழுத்துப் போட்டாள். தண்ணீர் குழியை நிரப்பித் தரைக்கு வந்தது.

"கையை எடுத்துவிடுட்டி! செத்துருவேன்!"

"கேள்வி முடியலயே," என்றாள் ஸெலின். "'...புரூட்டஸ். அவனைச் சதிக்குள் இழுத்த மைத்துனன் யார்?' சொல்லு."

"ஆண்டனி... சிசரோ..."

தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டது. ஸெலின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் அழுவதைப் பார்க்க அவளுக்கு இனித்தது.

"அக்கா, போதும்!" என்றான் ரோச். அவள் அசையவில்லை.

தண்ணீர் மார்புக்கு ஏறியது. "தெரியாது! எனக்குத் தெரியாது ஸெலின்!"

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. நீந்திப்போய்க் காஸியஸின் வாய்க்குள் தன் கையை விட்டு இழுத்தாள். புரூட்டஸின் வாய் திறந்து கஸ்பாரின் கையை விட்டது. கல் கதவு நகர்ந்தது. உள்ளே மேடைமேல் மூன்று குடம் தங்கம்!

படகு கரை தொட்டபோது ஊரே வெடி வெடித்து வரவேற்றது. காசுகள் அரசாங்க அருங்காட்சியகத்துக்குப் போயின. கஸ்பார் சிறைக்குப் போனான், வலது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல்.

அடுத்த போட்டியில் பஸ்ஸர் ஸெலினிடம் வந்தது. சுலபமான கேள்வி, முதல் சொல்லிலேயே விடை தெரிந்தது. ஆனாலும் கேள்வி முடியும்வரை அவள் கை மேசைக்கடியிலேயே இருந்தது.