கடனுக்கு ஒரு பிணம்

1

ஒரு மனிதர் பதினேழு நிமிஷமாக ஓட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்!

நாகேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்திரண்டு.

சீட்டில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. எழுத வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'ஆம்' அல்லது 'இல்லை'.

அதற்குப் பதினேழு நிமிஷமா...?

1977, மார்ச் 19, சனிக்கிழமை. சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனைத் தாண்டினால் கிளென்மோரா. அங்கே ஸ்கௌட் ஹாலில் ஓட்டுச்சாவடி.

யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. விவகாரமே வேறு.

கிளென்மோரா கவுன்சிலுக்குப் புது டவுன் ஹால் கட்ட ஆசை. கையில் காசில்லை. பன்னிரண்டு லட்சம் டாலர் கடன் வாங்குவதென்று தீர்மானம் போட்டது. வீட்டுவரி கட்டுகிறவர்கள் கொதித்தார்கள். 'எங்களைக் கேட்காமல் எங்கள் தலையில் கடனா?' தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். போதுமான கையெழுத்து சேர்ந்துவிட்டால் ஓட்டெடுப்பு நடத்தியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

நடந்துகொண்டிருந்தது.

நாகேஸ்வரிக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பெண். கவுன்சிலில் டைப்பிஸ்ட். இன்றைக்கு மட்டும் சாவடி அலுவலர்.

எழுந்தாள். மூலைத் தடுப்பை நோக்கி நடந்தாள். வயதானவர்கள் உட்கார்ந்து எழுதுவதற்காக அங்கே மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"மிஸ்டர் ஹார்ட்டிகன்... முடிஞ்சுதா?"

பதில் இல்லை.

"மிஸ்டர் ஹார்ட்டிகன்...?"

திரையை விலக்கினாள்.

"வீ...ல்!"

அவள் அலறலில் வரிசையில் நின்ற ஒரு பெண்மணியின் கைப்பை கீழே விழுந்தது.

பில் ஹார்ட்டிகன் மேஜைப் பலகையில் முகம் கவிழ்ந்து கிடந்தார். உதடுகள் நீலம். கையில் பென்சில். கன்னத்துக்கு அடியில் ஓட்டுச்சீட்டு.

ஓய்வு பெற்ற இறைச்சிக் கடைக்காரர். கடன் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவர். வாழ்நாளில் ஒரு சென்ட்கூடக் கடன் வாங்காதவர் என்று ஊரில் பெயர்.

இப்போது உயிரையும் முழுதாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்!

2

சார்ஜென்ட் டொனலிக்குத் தொப்பையும் சிவந்த மூக்கும் இருந்தன. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்...

"பாதாம் வாசனை வருதுங்கறார் டாக்டர். விஷம். அந்தச் சீட்டை இப்படிக் குடுங்க மிஸ்."

"குடுக்கேலாது."

"என்னது?"

"ரகசிய வாக்கெடுப்பு. அவர் என்ன எழுதினவர் எண்டு நீங்கள் பாக்கக் கூடாது."

"செத்துப் போயிட்டாரும்மா!"

"செத்தாலும் ரகசியம் ரகசியம்தான். சட்டத்தில போலீசுக்கு எண்டு ஒரு விதிவிலக்கும் போடேல்ல."

டொனலி மூச்சை இழுத்து விட்டார். டாக்டர் அதற்குள் பிணத்தின் தலையைத் தூக்கினார். சீட்டு வெறுமையாக இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

"பிரச்சினை தீர்ந்தது," என்றார் டொனலி. "கடைசியா இவர் என்ன சாப்பிட்டார்? என்ன குடிச்சார்?"

வாசலில் நின்ற ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"டீ குடிச்சார். அதோ நிக்கறானே... அந்த இந்தியன்தான் குடுத்தான்!"

எல்லாத் தலையும் திரும்பியது.

பழனிசாமி கையில் கெட்டிலுடன் திகைத்து நின்றான். கோயமுத்தூர்க்காரன். வயது முப்பத்தொன்று. கவுன்சிலில் டிராஃப்ட்ஸ்மேன். இன்றைக்குச் சாவடியில் எடுபிடி உதவி. வரப்போகிற டவுன் ஹாலின் ஒவ்வொரு கோடும் அவன் போட்டது. எட்டு மாத உழைப்பு.

"போன வாரம் பொதுக்கூட்டத்துல ஹார்ட்டிகனைப் பார்த்து நீ என்ன கத்தினே?" என்றார் டொனலி. "நானும் அங்கே டியூட்டில இருந்தேன்."

பழனிசாமி கெட்டிலைக் கீழே வைத்தான்.

"சார்... அது வந்து..."

"'இந்த ஹால் எழும்பத்தான் போகுது, அதைப் பார்க்க நீங்க இருக்க மாட்டீங்க!' சரியா?"

"அவருக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னேன் சார்!"

"வயசுக்கு சயனைடு வாசனை வராது. உள்ளே நட!"

ஹாலின் சமையலறைக்குள் அவனைத் தள்ளி, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார் டொனலி.

ஓட்டுப்பதிவு நின்றது அரைமணி நேரம்தான். பிணம் போனதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. சட்டம் அப்படி.

3

நாகேஸ்வரி ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கான்ஸ்டபிள் தலையாட்டி வழிவிட்டார்.

"சாப்பிடுங்கோ."

"எறங்காதுங்க." பழனிசாமி சாண்ட்விச்சைத் தள்ளி வைத்தான். "எனக்கு இன்னும் நிரந்தர விசாகூட வரலை. தூக்கி உள்ள போட்டுட்டாங்கன்னா ஊர்ல எங்கம்மாகிட்ட யாருங்க சொல்லுவாங்க?"

"அதே கெட்டில் தேத்தண்ணியத்தான் நானும் குடிச்சனான். எனக்கு ஒண்டும் ஆகேல்லையே."

"அதைத்தாங்க நானும் கத்தறேன்! அந்தாள் கப்புல மட்டும் கலந்தேன்கறாரு சார்ஜென்ட்டு." திடீரென்று நிமிர்ந்தான். "ஏனுங்க... அவரு டீயே குடிக்க வரலைங்க. மாத்திரை முழுங்கணும், தண்ணி குடுன்னு கேட்டாரு. டீயே குடிங்கன்னு நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

"மாத்திரையோ? என்ன மாத்திரை?"

"நெஞ்செரிச்சலுக்குன்னாரு. சின்னக் கவர்ல ஒண்ணே ஒண்ணு. கவரைக் கசக்கி அடுப்புல போட்டுட்டாரு."

"சார்ஜென்ட்டிட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னேன். 'நல்ல கதை'ன்னாரு."

வெளியே திடீரென்று பெரும் சத்தம்.

நாகேஸ்வரி ஹாலுக்குள் ஓடி வந்தாள். காலையில் மணிக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். இப்போது வரிசை வாசலைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, பெட்ரோல் பங்க் வரைக்கும் நீண்டிருந்தது!

வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் ஆத்திரம். எல்லோர் கையிலும் ஒரே தாள்.

தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் ஹார்ட்டிகனின் புகைப்படம்.

'பில் ஹார்ட்டிகன், 1911–1977. கடன்காரக் கூட்டம் பலிகொண்ட உயிர்! அவருக்காக ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். இல்லை!'

வாசித்த நாகேஸ்வரிக்குக் கண் கலங்கியது.

அடுத்த விநாடி கண் விரிந்தது.

மணி பன்னிரண்டு ஐம்பது. மனிதர் செத்து முழுதாக ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. இது ரோனியோ மெஷினில் கையால் சுற்றி நகலெடுத்த தாள் அல்ல. அச்சு! புகைப்படத்துக்கு பிளாக் செய்யவே ஒரு முழுநாள் வேண்டும். கவுன்சில் நோட்டீசுகளை அச்சுக்கு அனுப்புகிறவளே அவள்தான். அதுவும் சனிக்கிழமை. மத்தியானத்தோடு ஊரே கடையடைத்துவிடுகிற சனிக்கிழமை!

தாளைத் திருப்பினாள். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி.

'அச்சு: மெரிட் பிரிண்டரி, பரமட்டா.'

"இதை ஆர் குடுத்தது?" வரிசையில் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

"சங்கச் செயலாளர்தான். மருந்துக்கடை மிஸ்டர் விக்னராஜா. பாவம், அழுதுகிட்டே குடுக்கறார்."

நாகேஸ்வரி தாளைக் கீழே இறக்கினாள்.

மருந்துக்கடை... மாத்திரை...

விக்னராஜா அங்கிள்!

விமான நிலையத்துக்கு வந்து அவளைக் கூட்டிப்போனவர். கவுன்சிலில் வேலை வாங்கிக் கொடுத்தவர். இரண்டு வருஷமாக அவள் குடியிருப்பது அவர் வீட்டுப் பின்னறையில். சாப்பிடுவது அவர் மனைவி யோகா அன்ரியின் சமையல்.

தாளை நாலாக மடித்தாள். பைக்குள் வைத்தாள்.

பேசாமல் இருந்துவிட்டால்...?

சமையலறைப் பக்கம் பார்த்தாள். கதவிடுக்கில் பழனிசாமி தெரிந்தான். தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். சாண்ட்விச் அப்படியே இருந்தது.

தாளை வெளியே எடுத்தாள்.

"சார்ஜென்ட்... ஒரு போன் போட வேணும்."

4

மூன்று மணிக்கு விக்னராஜா துண்டுத்தாள் கட்டோடு ஹால் வாசலுக்கு வந்தார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. கண்கள் சிவந்திருந்தன. முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது.

"பிள்ளை! சனத்தைப் பார்த்தியே? காலமை நாங்கள் தோத்துக்கொண்டிருந்தனாங்கள். இப்ப பார்!"

"அங்கிள்... இது எப்ப அடிச்சது?"

"இப்பதான். மனுசன் செத்துப் போட்டார் எண்டு கேட்ட உடன ஓடிப்போய் அடிப்பிச்சனான்."

"பரமட்டாவிலயோ? சனிக்கிழமை மத்தியானமோ?"

"எனக்காகத் திறந்து தந்தவன்."

"அந்த அச்சகக்காரர் காலமை ஒன்பது மணியில இருந்து கிளப் புல்வெளியில பந்து உருட்டி விளையாடிக்கொண்டு நிண்டவராம். சார்ஜென்ட் கதைச்சிட்டார்."

விக்னராஜாவின் கையிலிருந்த கட்டு லேசாகச் சரிந்தது.

பின்னால் நின்ற டொனலி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஆங்கிலத்தில் படித்தார்.

"'வியாழக்கிழமை ஆர்டர் குடுத்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆயிரம் தாள் எடுத்துட்டுப் போனார். பாவம், எப்ப இறந்தார்னு கேட்டேன். சனிக்கிழமைன்னார். நான் போன சனிக்கிழமைன்னு நினைச்சுட்டேன்.'"

டொனலி நோட்டை மூடினார்.

"அச்சகத்தின்ர பேரை ஏன் அங்கிள் போட்டனீங்கள்?" நாகேஸ்வரி அந்தப் பொடி எழுத்து வரியைக் காட்டினாள். "அது இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே..."

விக்னராஜாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன கதைக்கிறாய் பிள்ளை? வாக்கெடுப்பு நோட்டீசில அச்சகத்தின்ர பேர் போடாட்டி குற்றம்! சட்டத்தை மீறுற ஆளோ நான்?"

டொனலிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அவர் உங்கட சிநேகிதன் அங்கிள்!"

"ஓம். நல்ல மனுசன். நெஞ்செரிச்சலுக்கு எண்டு நான் குடுத்த மாத்திரையை ஒரு கேள்வி கேளாமல் வாங்கினவர்." விக்னராஜா படியில் உட்கார்ந்தார். "ஆனா மேடையில ஏறினா நாக்கு எழும்பாது. உயிரோட இருந்து அவன் எடுத்துத் தந்தது நூறு வோட்டு. செத்துப்போய் எடுத்துத் தந்தது ஆயிரம்!"

"ஒரு வோட்டெடுப்புக்காகவோ கொலை?"

"வோட்டுக்கோ? என்ர கடைக்கு! டவுன் ஹாலை எங்க கட்டப்போறாங்கள்? என்ர கடை நிக்கிற நிலத்தில! கடன் கிடைச்சா அடுத்த மாசமே கவுன்சில் நிலத்தை எடுக்கும். பத்து வருசம் பிள்ளை... ஒரு வெள்ளைக்காரனும் எட்டிப் பாராத கடையை நான் எடுத்து நிறுத்தினனான். அதை இடிக்க விடுவனோ?"

சமையலறைக் கதவு திறந்தது. கான்ஸ்டபிள் விடுவித்த பழனிசாமி வெளியே வந்திருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"சார்... உங்க கடையை யாருங்க இடிக்கறாங்க?"

"என்ன?"

"அந்த இடம் வேண்டாம்னு கவுன்சில்ல முடிவு பண்ணி அஞ்சு நாளாச்சுங்க. கடைகளை வாங்கினா கடன் எகிறிடும்னு, ஹாலை எதிர்ப்பக்கம் பழைய டென்னிஸ் கோர்ட்டுக்கு மாத்திட்டாங்க. புது பிளான் நான்தான் போட்டேன். நோட்டீஸ் போர்டுல தொங்குதுங்க!"

விக்னராஜா மெதுவாக நாகேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அங்கிள்..." அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. "நான்தான் அந்த நோட்டீசை டைப் பண்ணினனான்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?"

"கவுன்சில் விசயம் ஒண்டும் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது எண்டு, வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கே நீங்கள்தானே அங்கிள் சொன்னனீங்கள்..."

விக்னராஜா டையைத் தளர்த்தினார். மூடினார். பிறகு எழுந்து, தானாகவே இரண்டு கைகளையும் டொனலியிடம் நீட்டினார்.

5

ஊரின் எல்லாச் சாவடி ஓட்டுகளையும் எண்ணினார்கள்.

'ஆம்' 1,904. 'இல்லை' 3,218.

செத்தவர் ஜெயித்தார்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வரி பின்னறையைக் காலி செய்தாள். யோகா அன்ரி வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"அன்ரி... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீ செய்தது சரி. அந்தப் பெடியனை உள்ள போட விட்டிருந்தா நான் உனக்குச் சோறு போட்டது வீண்." கதவைப் பாதி சாத்தினாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு என்ர கண்ணில படாதை. போயிட்டு வா."

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் அருகே ஒரு சின்ன அறை கிடைத்தது. பெட்டியைத் தூக்கி வந்தவன் பழனிசாமி.

வியாழக்கிழமை, கவுன்சில் கேன்டீன்.

நாகேஸ்வரி தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பழனிசாமி எதிர் நாற்காலியில் வந்து பொத்தென்று விழுந்தான்.

"செய்தி தெரியுமாங்க? ஓட்டெடுப்பு செல்லாதாம்! கொலை பண்ணி ஓட்டு வாங்கினதால ரத்து. மறுபடி நடத்தணும்னு மேலிடத்துலேர்ந்து கடிதாசி வந்திருக்கு."

"எப்ப நடத்தப் போயினமாம்?"

"அங்கதாங்க சிக்கல். ஒன்பதாயிரம் டாலர் செலவாகுமாம். கவுன்சில் கஜானாவுல அவ்வளவு இல்ல."

"அப்ப என்ன செய்வினம்?"

"கடன் வாங்கித்தான் நடத்தணுமாம்."

"வாங்கட்டுமன்."

"அதுக்கு முன்னாடி..." பழனிசாமி அவளுடைய கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அந்தக் கடனை வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு ஓட்டெடுப்பு நடத்தணுமாமுங்க!"