கவுண்டி பவுலரின் பாஸ்போர்ட்

"திருடன் வெளியில இருந்து வரல, சார். என் கொழுந்தன்தான் எடுத்திருக்கான்," என்றாள் ஃபர்ஹீன், நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் இருந்தது முஹம்மது இஸ்மாயிலின் துப்பறியும் அலுவலகம். உதவியாளர் இலக்கியா வழக்கம்போல் அவசரமாக நோட்டைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவன் இம்தியாஸ், இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிற வலது கை வேகப்பந்து வீச்சாளன். ஆறு சீசன் முடித்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை அங்கே உடற்தகுதிச் சோதனை. தேறினால் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம், போகாவிட்டால் அதோடு சரி. இந்த நேரம் பார்த்து மூன்று நாளாகப் பாஸ்போர்ட்டைக் காணோம்.

"உங்க கொழுந்தன் எதுக்கு அதை எடுக்கணும்?" என்றார் இஸ்மாயில்.

"ஆசிக்கும் பவுலர்தான். அங்க ஒரு கிளப்புல சேத்துவிடச் சொன்னான், இவரு முடியாதுன்னுட்டாரு. ஒரு மாசமா அவன் மூஞ்சி குடுத்துப் பேசல."

சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனதும் இலக்கியா அலமாரியைக் குடைந்தாள். பூட்டு உடைபடவில்லை. நகைகள் அப்படியே இருந்தன. கவுண்டி ஜெர்சிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. "ரெண்டு மாசமா பட்டன் வச்ச சட்டைதான் போடுறாரு. ஜெர்சி புழுங்குதாம்," என்றாள் ஃபர்ஹீன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் "நான் எடுக்கல" என்பதையே ஆசிக் பதிலாகச் சொன்னான். முகம் வெளிறியிருந்தது. இவன்தான் என்று இலக்கியா மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். அவளுக்கு அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

"போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா? அந்த நகல் இருந்தா அவசரமா புதுசு வாங்கலாமே," என்று இம்தியாஸிடம் கேட்டார் இஸ்மாயில்.

"தம்பியப் போய் எப்படி, பாய்? குடும்ப மானம் போயிடும்."

அதற்குள் மாலை அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கூடத்திலேயே விரிப்புப் போட்டு இஸ்மாயிலும் இம்தியாஸும் தொழ நின்றார்கள். இலக்கியா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னபோது இஸ்மாயிலின் இரண்டு கைகளும் காது வரை உயர்ந்தன. இம்தியாஸின் இடது கை காதுக்குப் போனது; வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. கவலையில் இருக்கிற மனுஷன், ஏதோ அவசரத்தில் தொழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

தொழுது முடித்ததும் இஸ்மாயில் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"பாஸ்போர்ட் காணாமப் போனா யாருக்கு லாபம்? சோதனைக்குப் பயப்படுறவருக்கும் லாபம்தான். வேகமா பந்து போடுறவர் கை காதை உரசிக்கிட்டு வரணும். இவர் வலது கை தொழுகையிலகூட அவ்வளவு தூரம் போகல. தலைவழியா ஜெர்சி மாட்ட முடியாமத்தான் சட்டைக்கு மாறியிருக்கார். போலீஸ்ல எழுதினா புது பாஸ்போர்ட் வந்துடும். அதனாலதான் எழுதல."

இலக்கியா நோட்டை மூடினாள். வெட்கமாக இருந்தது.

இம்தியாஸ் எழுந்து போய், தன் பவுலிங் ஷூவுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து வைத்தான். "தோள் போயிடுச்சு, பாய். சோதனையில தோத்தான்னு ஊரு பேசுறதுக்கு, பாஸ்போர்ட்டால போச்சுன்னு பேசட்டும்னு நெனச்சேன்."

ஃபர்ஹீன் பாஸ்போர்ட்டை எடுத்துக் கணவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "சோதனைக்குப் போங்க, மச்சான். கை தூக்க வரலன்னு அங்க டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிட்டு வாங்க. அதுல என்ன அசிங்கம்? நான் ஆசிக்கத் திருடன்னு சொன்னப்ப பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அதான் அசிங்கம்," என்றாள்.

ஆசிக் உள்ளே போய்த் தன் துணிப்பையோடு வந்தான். அதை ஃபர்ஹீனின் முன்னால் வைத்து ஜிப்பைத் திறந்தான்.

"லால்பேட்டையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன், அண்ணி. ஒருவாட்டி பாத்துக்கங்க," என்றான்.