கலவை அறையில் ஊதா விளக்கு

குப்பி எதையும் திறப்பதற்கு முன்பே முத்தின்டாவின் நாக்கில் அந்தக் கசப்பு ஏறியிருந்தது, இரும்புத் துருவை நக்கியதுபோல. முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த சிறிய அறைதான் இப்போது புற்றுநோய் மருந்து கலக்கும் இடம். தகரக் கூரையில் மழை விடாமல் இரைய, மேசை விசிறி கழுத்தைத் திருப்பித் திருப்பி ஸ்பிரிட் வாடையையும், அதற்கடியில் அழுகிய பழம்போல் ஒட்டிக்கிடந்த வேறொரு இனிப்பையும் அவள் முகத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

சோமா நகரத்து அந்த ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக அவள்தான் மருந்து கலக்கும் நர்ஸ். அந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்தது. மலேரியாவாக இருக்கும் என்றார்கள். இப்போது வயிற்றில் மூன்றாவது. பதினான்கு வாரம்.

“வேற வேலை குடுங்க சிஸ்டர். இந்த வாடையே வயித்தப் பொரட்டுது.”

“எனக்கு ஒண்ணும் வரலியே. மூக்கக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வா,” என்றார் தலைமை நர்ஸ் ப்வால்யா. பிறகு குரல் தணிந்தது. “ஆள் இல்லடி. கையுறை போட்டிருக்கேல்ல?”

போட்டிருந்தாள். மெல்லிய கையுறை, காகித முகமூடி. வேறெதுவும் அங்கே கிடையாது.

தலைநகர் லுசாகாவிலிருந்து, மருந்தைப் பத்திரமாகக் கலக்கப் பயிற்சி கொடுக்க வந்திருந்த மருந்தாளுநர் ஹமூண்டே ஒரு குப்பியை நீட்டினார். உள்ளே மருந்தில்லை. தண்ணீர்போல் நிறமற்ற சாயநீர்.

“எப்பவும் செய்யற மாதிரியே கலந்து வைங்கம்மா. கை கழுவுங்க, டீ குடிங்க. அப்புறம் இந்த ஊதா விளக்க அடிச்சுப் பாப்போம். சிந்தியிருந்தா மின்னும்.”

“நான் சிந்த மாட்டேன் சார்.”

ஊசியை உருவும்போது குப்பி ‘ஸ்ஸ்’ என்று மெல்ல மூச்சு விட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். ஒரு துளிகூடக் கீழே விழவில்லை.

டீ குடித்து வந்ததும் ஹமூண்டே சன்னலை மூடிக் கம்பளியைத் தொங்கவிட்டார். பகல் அணைந்தது. விளக்கு எரிந்தது.

மேசை மின்னியது. விசிறிக் காற்று போன வழியெல்லாம், அந்த ‘ஸ்ஸ்’ தூவிய பச்சைப் புள்ளிகள். கழுவிய கையின் நகக்கண்களில் பச்சை. குழாய்த் திருகு. கதவுப் பிடி. கையோடு கொண்டுவந்த டீக் கோப்பையின் விளிம்பு.

“என்னப்பா, இருட்டுல நிக்கிறீங்க?”

வேர்க்கடலை மென்றுகொண்டே ப்வால்யா உள்ளே வந்தார். அவர் எந்தக் குப்பியையும் தொடவில்லை. கதவை மட்டுந்தான் திறந்து மூடியிருந்தார், டீ நேரத்தில் ஓரிரு முறை. அவர் சிரித்தபோது உதடு மின்னியது.

“சிஸ்டர், உங்க வாய்...”

ப்வால்யா வாயிலிருந்த கடலையைத் துப்பினார்.

“இது ஒரே ஒரு குப்பிதாம்மா,” என்றார் ஹமூண்டே மெதுவாக.

ஒரு குப்பி. நாளைக்கு இருபது. மூன்று வருடம். இரண்டு கரு.

விளக்கைப் பிடித்திருந்த அவர் கை தாழ்ந்தது. முத்தின்டா குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சீருடையில், தொப்புளுக்குக் கீழே, ஐந்து விரல்கள். அவளுடையவை. யாரும் பார்க்காதபோது தடவிக்கொடுத்த கை.

“தொடாதீங்க,” என்றார் ஹமூண்டே.

அவள் கை அதற்குள் போய்விட்டது. துடைத்தாள். ஐந்து விரல் பத்தாயிற்று. மறுபடி துடைத்தாள்.

பரவியது.